7-வது வார ஸ்கேனில் கரு இருக்கும் பையைச் சுற்றி ரத்தக்கட்டு என்றார்கள், குழந்தைக்கு ஆபத்தா?

ரிப்போர்ட்டில் 'சப்கோரியானிக் ஹீமட்டோமா' என்று இருந்திருக்கும். கருவைச் சுற்றியுள்ள கோரியான் சவ்வுக்கும் கர்ப்பப்பைச் சுவருக்கும் நடுவே கொஞ்சம் ரத்தம் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ரத்தம் கருவுக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. முதல் மூன்று மாத ஸ்கேன்களில் இது அடிக்கடி தென்படும். பலருக்குக் கசிவே இருக்காது.

முதலில் பார்க்க வேண்டியது இதயத் துடிப்பு. துடிப்பு சரியாக இருந்து, கட்டும் சிறியதாக இருந்தால், பெரும்பாலும் கர்ப்பம் நன்றாகவே தொடரும். கட்டின் அளவை சென்டிமீட்டரில் மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள்; கரு இருக்கும் பையோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரியது என்பதே கணக்கு. பெரிதாக இருந்தால் கருச்சிதைவு அபாயம் கூடும், அதனால் ஸ்கேனை அடிக்கடி எடுப்பார்கள். பெரும்பாலான கட்டுகளை உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். சில சமயம் பழுப்பு நிறத்தில் வெளியேறும். அது பழைய ரத்தம்.

"படுக்கையை விட்டு எழாதே" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். முழு ஓய்வு கருச்சிதைவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கனம் தூக்காமல், தாம்பத்திய உறவைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டால் போதும் என்றே பல மருத்துவர்கள் சொல்வார்கள். ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின், ஹெப்பாரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். அப்புறம், உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், கடும் வயிற்றுவலி, மயக்கம் அல்லது காய்ச்சல் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.