20ஆம் திகதியோடு முடிகிற சம்பளம்

கேள்வி: வவுனியாவிலிருந்து வந்து யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறேன். குடி, சிகரெட் ஒன்றும் இல்லை. ஆனாலும் 20ஆம் திகதிக்கு முன்னமே காசு முடிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, கெட்ட பழக்கம் இல்லாத பெடியளின் காசு பெரும்பாலும் சாப்பாட்டில்தான் போகிறது. மத்தியானம் பார்சல், பின்னேரம் ரோல்ஸ், இரவு கொத்து, மழை தூறினால் ஓட்டோ என்றால் எந்தச் சம்பளமும் தாங்காது. ஒரு ரைஸ் குக்கர் வாங்குங்கள் (வீட்டுக்காரரிடம் முதலே கேட்டுவிடுங்கள், கரண்ட் பில்லில் சண்டை வரும்), சோறும் பருப்பும் அறையிலேயே ஆகட்டும், மரக்கறியைச் சந்தையில் இரண்டு நாளைக்கு அளவாக மட்டும் வாங்குங்கள், பிரிட்ஜ் இல்லாத அறையில் மலிவென்று அள்ளியதெல்லாம் அழுகித்தான் போகும். மீன் ஆசைக்குக் கடைக்குப் போங்கள், தப்பில்லை.

சம்பளம் வந்த அன்றே வாடகையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கிழமைக் கணக்கில் பிரித்து வையுங்கள். கலியாணவீடு, சாமத்தியவீட்டுக்கும் தனியாக ஒதுக்க வேண்டும், நம் ஊரில் அது திடீர்ச் செலவே இல்லை, ஆவணி பிறந்தால் வரிசையாக வரும்.

அப்புறம், சம்பளச் சிட்டையைப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் கழித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும். சிட்டையில் அந்தப் பதிவே இல்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், மழுப்பினால் தொழில் திணைக்களம் இருக்கிறது.