அடுப்படி பிளக்கில் பொத்தான் தேவையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகி ஒருவர், தோட்டத்து லயத்தை விட்டுப் பட்டணத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பழைய வீடொன்றை வாங்கிக் குடியேறியிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மகன், அங்கே அடுப்படி பிளக்குகளில் மின்கசிவைத் தடுக்கும் பொத்தான் உண்டு, நம் வீட்டில் ஏன் இல்லை என்று கேட்டாராம். அதைக் கேள்விப்பட்ட ஓர் ஏஜெண்டு, அதே பிளக்குகளைத் தருவித்து வீடு முழுவதும் வயரிங்கையும் மாற்றாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறாராம்.

அம்மா, அந்தப் பிளக்குகளை வாங்க வேண்டாம். அமெரிக்காவில் கழுவுதொட்டி அருகிலுள்ள மேடைப் பிளக்குகளுக்கு 1987-இல் வந்த விதி அது. அந்தச் சாதனம் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது, நமக்கு வருவதோ 230 வோல்ட். நம் நாட்டில் அதே காவல் வேலையை டிபி பெட்டிக்குள் (வீட்டின் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பெட்டி) இருக்கும் ஆர்சிசிபி (RCCB) என்ற மின்கசிவுத் துண்டிப்பான் செய்கிறது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லையென்றால், எங்கோ, ஒருவேளை உங்கள் கை வழியாகவே, கசிகிறது என்று கண்டு அது கண நேரத்தில் துண்டிக்கும்.

பெட்டியைத் திறக்காமல் அதன் முகப்பை மட்டும் பாருங்கள். 'டி' (T) என்று குறித்த சிறு சோதனைப் பொத்தானுக்குப் பக்கத்தில் 0.03 ஆம்பியர் என்றிருந்தால் அது 30 மில்லியாம்பியர் சாதனம், உயிரைக் காப்பது. 0.1 என்றிருந்தால் 100 மில்லியாம்பியர். அதை மட்டும் நம்பி ஈரக்கையோடு மிக்சியைத் தொடக் கூடாது. பழைய வீடுகள் பலவற்றில் மொத்த வீட்டுக்கும் இந்த 100 ஒன்றுதான் இருக்கும். கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளிலேயே எழுதியாகிவிட்டது. எழுதியதோடு கடமை முடிந்தது போலும், பழைய வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

ஆகவே உங்களுக்குத் தேவை, பிளக் இணைப்புகளுக்குத் தனியாக ஒரு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. பழைய வயர் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை மீட்டர் வைத்துச் சோதித்த பிறகே சொல்ல முடியும்; சோதிக்காமல் முழு வயரிங்குக்கு விலை பேசுபவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

குளிர்பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அது கையில் பிடிக்கும் கருவி அன்று, ஆகவே 100 போதும் என்று வாதாடும் வயர்மேன்கள் உண்டு. ஆனால் இன்று குளிர்பெட்டி செருகியிருக்கும் பிளக்கில் நாளை தீபாவளிப் பலகாரத்துக்குக் கிரைண்டரைச் செருகமாட்டீர்கள் என்று எவரால் சொல்ல முடியும்? அதே சமயம், பழைய குளிர்பெட்டியில் ஈரம் கோத்துச் சிறிது கசிந்தாலும் ஆர்சிசிபியின் விசை விழுந்து மின்சாரம் நின்றுவிடும். ஊருக்குப் போன இரண்டு நாளில் மீனும் இறைச்சியும் கெடும். இதைச் சாக்காக வைத்து 30-ஐக் கழற்றிவிட்டு 100-ஐப் போடுவதும், ஆர்சிசிபியைத் தாண்டி நேராக இணைப்பதும் நான் அடிக்கடி காணும் அயோக்கியத்தனம். செய்ய வேண்டியது, குளிர்பெட்டிக்கென்று தனி இணைப்பும் அதற்கென்று தனியாக 30 மில்லியாம்பியர் ஆர்சிபிஓ (RCBO, மின்கசிவோடு மிகைமின்சாரத்தையும் துண்டிப்பது) ஒன்றும் வைப்பதுதான். அதன் பிறகும் விழுந்தால் குளிர்பெட்டியைத்தான் பழுது பார்க்க வேண்டும்.

வேலைக்கு வருபவரிடம் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழையும் குத்தகையாளர் பதிவையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடுத்தவர் சான்றிதழின் நகலைக் காட்டிக் காசு பார்க்கும் இடைத்தரகர்கள் பெருகிவிட்டார்கள். சான்றிதழில் உள்ள பெயரும் எதிரே நிற்பவரின் அடையாள அட்டையும் பொருந்த வேண்டும். வேலை முடிந்ததும் வேலையை மேற்பார்த்து முடித்ததற்கான ஜி (G) பாரத்தையும் சோதனை முடிவுக்கான எச் (H) பாரத்தையும் கையெழுத்தோடு கேளுங்கள், அவை வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை அந்த 'டி' பொத்தானை அழுத்துங்கள். விசை கீழே விழாவிட்டால் சாதனம் செத்துவிட்டது என்று பொருள். விழுந்தாலும், எர்த் கம்பி நன்றாக இருக்கிறது என்று அதனால் சொல்லிவிட முடியாது. அதை வயர்மேன்தான் அளந்து எச் பாரத்தில் எழுதித் தர வேண்டும்.