கீபோர்டில் பழகிய மாணவி பியானோவில் தடுமாறினால்

வணக்கங்க. சேலத்தில் 61 கட்டை கீபோர்டில் நன்றாக வாசித்தவள், ஏற்காட்டில் உங்கள் பியானோவில் உட்கார்ந்ததும் தடுமாறுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளையிடம் குறை இல்லைங்க. பியானோவில் ஒவ்வொரு கட்டையும் ஒரு சுத்தியலைத் தூக்கித் தந்தியில் அடிக்க வேண்டும். அந்தக் கனம் சாதாரண கீபோர்டில் கிடையாது. (மழைக்காலத்து ஈரத்தில் மரம் உப்பிக் கட்டை ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.)

அடுத்த பாடத்துக்கு அவசரப்படாதீர்கள். ஐந்து சுரங்களை இடது கையால் மட்டும், மிக மெதுவாக, முதலில் மெல்லிசாக, அப்புறம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். சுண்டு விரல் மடங்கி விழுகிறதா, தோள் ஏறுகிறதா என்று பக்கத்திலிருந்து கவனியுங்கள். தோள் ஏறினால் உடனே நிறுத்திவிடுங்கள். காலால் மிதித்து ஒலியை நீட்டும் பெடல் இப்போதைக்கு வேண்டாம், அது தவறை மூடிவிடும். வீட்டுக்கு வாங்குவதானால் 88 கனமான கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோவே சரி.