பழைய காருக்கு மதிப்பைக் கூட்டிப் போடலாமா?

கேள்வி: என் காருக்கு 19 வயது. நன்றாக ஓடுகிறது. இந்த முறை ஒரு காப்பீட்டுக் கம்பெனி முழுக் காப்பீடு கிடையாது என்று கைவிரித்துவிட்டது. இன்னொன்று பிரீமியத்தை ஏகத்துக்கும் ஏற்றிச் சொல்கிறது. “காரின் மதிப்பைக் கூட்டிப் போட்டுத் தருகிறேன். கொஞ்சம் அதிகம் கட்டுங்கள், ஏதாவது ஆனால் முழுத் தொகையும் வரும்” என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அவர் நீட்டும் பாலிசியின் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘எழுதிய தொகை, இழப்பு நேர்ந்த நாளின் சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், எவ்வளவு கூட்டிப் போட்டாலும் உங்கள் கைக்கு வருவது சந்தை மதிப்புதான். கூடுதலாகக் கட்டியது போனது போனதுதான். கமிஷன் மட்டும் அவருக்குக் குறையாமல் சேர்ந்துவிடும்.

கம்பெனி ஏன் தயங்குகிறது? உங்கள் கார் விலை வருடா வருடம் இறங்குகிறது. ஹெட்லைட் விலையும் பட்டறைக் கூலியும் இறங்குவதில்லை. காரின் இன்றைய மதிப்பை 100 என்று வையுங்கள். முன்பக்கம் ஓர் இடி. பம்பர், ஹெட்லைட், ரேடியேட்டர், பெயின்ட் என்று கணக்குப் போட்டால் 80 வந்து நிற்கும். கார் புதிதாக இருந்தபோது இதே இடி அதன் விலையில் சிறு துண்டாகத்தான் இருந்திருக்கும். செலவு முக்கால் பங்கைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’, அதாவது முழு இழப்பு, என்று எழுதுவது பல நாடுகளில் வழக்கம். சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆகிற வண்டியைக் காகிதத்தில் சாகடித்த, சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர்களில் நானும் ஒருவன்.

அடுத்த கண்ணி அங்கேதான் இருக்கிறது. டோட்டல் லாஸ் என்றதும் காயலான்கடைத் தரகர் வந்து நிற்பார். “வண்டியோடு பேப்பரையும் கொடுங்கள், உடனே பணம்” என்பார். அவருக்கு வேண்டியது உங்கள் தகரம் அல்ல, சேசிஸ் எண்ணும் பதிவுச் சான்றும். அதே மாடலில் திருடிய ஒரு வண்டிக்கு உங்கள் எண்ணைக் குத்தி ஓட்டுவது உலகமெங்கும் நடக்கிற பழைய வேலை. பதிவை ரத்து செய்யாமல், அல்லது பெயர் மாற்றாமல், வண்டியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சரிசெய்து நீங்களே வைத்துக்கொள்ள ஆசை என்றால், உடைசல் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர முடியுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். இப்படி ஒரு வழி இருப்பதைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

என் கணக்கு எளிது. முழுக் காப்பீட்டுக்கும், உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்பை மட்டும் ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கும் உள்ள பிரீமிய வித்தியாசத்தை மூன்றால் பெருக்குங்கள். அது காரின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால், மூன்றாம் நபர் காப்பீட்டோடு தீ, திருட்டு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள். உங்கள் வண்டி எவ்வளவு பழசானாலும் அதில் அடிபடுகிறவரின் கால் பழசாவதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. இதைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ என்றொரு பாலிசி இருக்கிறது. நிபுணர் வண்டியைப் பார்த்துத் தரும் மதிப்பை இரு தரப்பும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது. முழு இழப்பு என்றால் அந்தத் தொகையே வரும், சந்தை மதிப்புப் பேச்சே இல்லை. உங்கள் ஏஜென்ட் சொல்வது இதுவல்ல. இது பொதுவாகப் பாரம்பரிய வண்டிகளுக்கானது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் வரையறைப்படி வண்டிக்குக் குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும். அசல் நிலையில் பராமரித்திருக்க வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. கம்பெனிகள் வயதைக் கொஞ்சம் முன்பின் வைத்துக்கொள்ளும். ஆனால் தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிற கார் என்றால் பெரும்பாலும் கதவு அடைபட்டுவிடும். 19 வயதில் உங்கள் கார் புதுசும் இல்லை, பாரம்பரியமும் இல்லை. இந்த இடைவெளி வண்டிகளை என்ன செய்வதென்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. படிவத்தில் தயாரித்த ஆண்டுக்குக் கட்டம் இருக்கிறது, பராமரிப்புக்குக் கட்டம் இல்லை.

அதனால் கட்டத்துக்கு வெளியே நீங்களே காட்டுங்கள். சேசிஸ் எண் போட்ட சர்வீஸ் பில்களும் தேதியிட்ட படங்களும் இருந்தால், கணினி மறுத்ததை ஒரு மனிதர் மறுபடி பார்க்க வாய்ப்புண்டு. டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் என்றால் அது 2000க்கு முந்தைய டயர், பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிப் போடுங்கள். பெட்ரோல் ஹோஸையும் விரலால் அழுத்திப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உப்பவோ விரிசல் விடவோ வைக்கும்.

ஏஜென்ட் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். கேஸ் கிட் மாட்டியதை, இன்ஜின் மாற்றியதை அவர் ‘இல்லை’ என்று நிரப்பிவிட்டால், க்ளெய்ம் நாளில் பொய் சொன்னவர் நீங்கள்தான்.