‘அந்தாதுன்’: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

ஸ்ரீராம் ராகவன் இயக்கத்தில் 2018-இல் வந்த இந்தி த்ரில்லர். கதையை முழுக்க உடைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கேள்வி: அண்ணா, இந்தப் படத்தை இவ்வளவு கொண்டாடுகிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது?

ஆகாஷ் (ஆயுஷ்மான் குரானா) கண் நன்றாகத் தெரிந்தும் பார்வையில்லாதவனாக நடிக்கும் பியானோக்காரன். புனேயில் ஒரு பழைய நடிகரின் திருமண நாளுக்கு வாசிக்கப் போனால், அந்த நடிகரே பிணமாகக் கிடக்கிறார், மனைவி சிமி (தபு) ஒன்றுமே நடக்காதது போல வாசிக்கச் சொல்கிறாள். பாத்ரூமுக்குப் போனால் அங்கே அவளுடைய காதலன் துப்பாக்கியோடு நிற்கிறான். அவன் கண்ணெதிரிலேயே சிறுநீர் கழித்துவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் திரும்பி வந்து பியானோ முன்னால் உட்கார வேண்டும். இவன் வாசிக்க வாசிக்க, அவர்கள் இரண்டு பேரும் சைகையிலேயே பேசிக்கொண்டு பிணத்தைப் பெட்டிக்குள் திணிக்கிறார்கள். நமக்கும் அவனுக்கும் எல்லாம் தெரிகிறது, தெரிகிறது என்று காட்டிவிட்டால் உயிர் போய்விடும். படத்தின் மொத்த பலமும் இந்த ஒரே முடிச்சில்தான் இருக்கிறது. அப்புறம் புகார் கொடுக்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறான், இன்ஸ்பெக்டரைப் பார்த்தால் அதே காதலன்!

கேள்வி: இரண்டாம் பாதி எனக்கு ஒட்டவே இல்லை. எனக்கு மட்டும்தானா?

இல்லைங்க, எனக்கும் அங்கேதான் குறை. சிமி கொடுக்கும் பிரசாதத்தால் அவனுக்கு நிஜமாகவே பார்வை போய்விடுகிறது. அதிர்ச்சியான திருப்பம்தான், ஆனால் அதோடு முதல் பாதியைத் தாங்கிய அந்த நடிப்பு ஆட்டம் முடிந்துவிடுகிறதே. அந்த இடத்தை நிரப்ப உறுப்புத் திருட்டு டாக்டர், கடத்தல், பணப்பேரம் என்று கதை வேறு ஊருக்கே போய்விடுகிறது. இன்ஸ்பெக்டரின் கதையை லிஃப்டுக்குள் முடித்த விதமும் எழுத்தாளரின் வசதிக்காக நடந்தது போலத்தான் இருக்கிறது. ஆகாஷின் காதலி ஸோஃபியாக வரும் ராதிகா ஆப்தேயின் பாத்திரம் இன்னொரு பலவீனம், தேவைப்படும்போது வருகிறாள், கோபித்துக்கொண்டு போகிறாள், அவ்வளவுதான்.

கேள்வி: தபு?

அவர் இல்லாமல் இந்தப் படம் இல்லை. சிமி திட்டம் போட்டுக் கொலை செய்யும் வில்லி இல்லை, ஒன்றை மறைக்க இன்னொன்று என்று போய்க்கொண்டே இருப்பவள். அந்தப் பதற்றத்தையும் துணிச்சலையும் ஒரே முகத்தில் காட்டுகிறார்.

கேள்வி: சொந்தக் கதையா, சுட்டதா?

2010-இல் வந்த ஒரு பிரெஞ்சுக் குறும்படம்தான் விதை, அதை மறைக்கவும் இல்லை. தழுவல் திரைக்கதைக்கான தேசிய விருதே வாங்கியது. பிணம், பியானோ, பார்வையில்லாத வேடம், இதெல்லாம் அங்கிருந்து வந்தவை.

கேள்வி: கிளைமாக்ஸில் ஆகாஷ் சொல்வது உண்மையா பொய்யா? மண்டை காய்கிறது!

பொய் என்பதுதான் என் முடிவு. சிமியை விட்டுவிட்டேன், அவள் காரை ஏற்றிக் கொல்ல வந்தாள், முயல் ஒன்று துள்ளிக் கண்ணாடியில் மோதியதால் கார் கவிழ்ந்தது என்று போலந்தில் ஸோஃபியிடம் சொல்கிறான். சரி, பார்வையே இல்லாதவனுக்கு மோதியது முயல் என்று எப்படித் தெரியும்? அவளுடைய கண்ணை எடுத்து உனக்கு வைக்கிறேன் என்று டாக்டர் ஏற்கெனவே ஆசை காட்டியிருந்தார். அப்புறம் கடைசி ஷாட், தெருவில் கிடக்கும் டின்னைக் கைத்தடியால் குறிபார்த்துத் தட்டிவிட்டுப் போகிறான், அந்தத் தடியின் பிடியில் முயல் தலை. அவன் சொன்னதை நம்புகிறவர்களும் உண்டு, அதற்கும் இயக்குநர் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார். இரண்டாம் பாதியின் தொய்வை நான் மன்னிப்பதே இந்த முடிவுக்காகத்தான்.

கேள்வி: தமிழில் ‘அந்தகன்’ பார்த்தாயிற்று, இந்தியில் மறுபடி பார்க்கலாமா?

தாராளமாகப் பாருங்கள். பிரசாந்த் நடித்து 2024-இல் வந்த அதில் சிமியாக சிம்ரன், பழைய நடிகராக கார்த்திக். இந்தியில் அந்த வேடத்தில் எழுபதுகளின் நாயகன் அனில் தவன், அவர் நடித்த பழைய பாடல்களையே பயன்படுத்தியிருக்கிறார்கள். கதை தெரிந்தபின் பார்த்தால் அந்தப் பியானோ காட்சியில் ஆயுஷ்மானின் கண்களை மட்டும் கவனியுங்கள்.