வாசகர் கேள்வி: துப்பாக்கிக்கு 26 நாள், பேச்சுக்கு 4 ஆண்டு

கேள்வி: துப்பாக்கிக்குச் சட்டுபுட்டென்று சட்டம் போடும் ஜனநாயக நாடுகள்கூட, வெறுப்பைத் தூண்டும் பேச்சு என்று வந்தால் தயங்குகின்றனவே, ஏன்? துப்பாக்கியைத் தூக்க வைப்பதே அந்தப் பேச்சுதானே? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: படித்ததும் எனக்கு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம்தான் நினைவுக்கு வந்தது. 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். அல் நூர் பள்ளிவாசலின் வாசலில் இருந்தவர், வந்தவனைப் பார்த்து "வணக்கம் சகோதரா" என்றார். வந்தவன் கையில் துப்பாக்கி இருந்தது. அங்கேயும் லின்வுட் பள்ளிவாசலிலுமாக 51 உயிர்கள் போயின. முதல் பள்ளிவாசலில் நடந்ததை அவன் ஃபேஸ்புக்கில் 17 நிமிடம் நேரலையாகவும் காட்டினான்.

அன்று மாலை அந்த வீடியோ என் கைபேசிக்கும் வந்தது. நான் திறக்கவில்லை. அனுப்பிய நண்பரைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். "செய்திதானே சார்" என்றார். அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். அவன் வைத்திருந்தது சாதாரண உரிமம்தான். 7 தோட்டா வரை அடைக்கும் செமி ஆட்டோமேட்டிக் (விசையை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகச் சுடும்) ரைஃபிளுக்கு அப்போது அது போதுமாக இருந்தது. அதற்கு மேல் அடைக்கும் பெரிய மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியை, உரிமம் காட்டாமலே கடையில் வாங்க முடிந்தது. அதை மாட்டிவிட்டால் அதே ரைஃபிள் வேறு ஆயுதம். இந்தத் தாக்குதலை ஆராய்ந்த விசாரணை ஆணையம் இன்னொன்றையும் சொன்னது. உரிமம் கேட்டபோது அவனுக்கு நற்சான்று சொன்னவர்கள் இருவர்: ஆன்லைன் விளையாட்டில் பழக்கமான ஒரு நண்பர், அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவர். அவனை நேரில் அறிந்தது கொஞ்சம்தான். போலீஸ் அதைத் துருவிக் கேட்கவில்லை.

ஏப்ரல் 10 அன்று, 26-வது நாளில், நாடாளுமன்றம் 119-க்கு 1 என்ற கணக்கில் அந்த ரகத் துப்பாக்கிகளைத் தடை செய்தது. அப்புறம் அரசே பணம் கொடுத்துத் திரும்ப வாங்கியது. 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு ஆஸ்திரேலியாவும் இதைத்தான் செய்தது. துப்பாக்கி ஒரு பொருள். அதை எண்ணலாம், வாங்கி உடைக்கலாம். உடைத்த பிறகு அது யாருடையது என்ற வழக்கு கிடையாது.

பேச்சு அப்படியில்லை. கொலையாளி எழுதிய அறிக்கையை அந்நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தடை செய்தார். வைத்திருந்தால் 10 ஆண்டு வரை, பரப்பினால் 14 ஆண்டு வரை சிறை. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பொதுவான வெறுப்புப் பேச்சுச் சட்டம்? 2021-இல் அரசு ஒரு திட்டத்தை முன்வைத்தது. தண்டனையை 3 மாதத்திலிருந்து 3 ஆண்டாக உயர்த்துவது, இன்னும் பல பிரிவினரைச் சேர்ப்பது என்று அது அகலமாக இருந்தது. எதைச் சொன்னால் குற்றம் என்பது மட்டும் தெளிவாகவில்லை. நாளை ஆட்சி மாறும், அதே சட்டம் வேறு கைக்குப் போகும் என்ற பயம் நியாயமானது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-இல் பிராண்டன்பர்க் வழக்கில், உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நடக்கும் வாய்ப்பும் உள்ள பேச்சைத்தான் தண்டிக்கலாம் என்று எல்லைக்கோட்டை அவ்வளவு தள்ளிப் போட்டதும் இதனால்தான்.

ஆனால் அடுத்து நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நியூசிலாந்தின் 1993 மனித உரிமைச் சட்டம் நிறம், இனம், பிறந்த நாடு ஆகியவற்றை வைத்து வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கிறது. மதம் அந்தப் பட்டியலில் இல்லை. முஸ்லிம்கள் என்பதற்காகவே 51 பேர் கொல்லப்பட்ட நாட்டில்! 2022-இல் கொண்டுவந்த மசோதா, ஏறக்குறைய அந்த ஒரு சொல்லைச் சேர்ப்பதற்குத்தான். 2023 பிப்ரவரியில் அதையும் திரும்பப் பெற்று சட்ட ஆணையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அகலமான திட்டத்துக்குத் தயங்கியது சரி. இந்தச் சின்ன மசோதாவையாவது நிறைவேற்றியிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரலையை அப்போதே பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு என்று ஃபேஸ்புக் சொன்னது. அவர்களில் ஒருவர்கூடப் பார்க்கும்போதே புகார் செய்யவில்லை என்றும் அது சொன்னது. முதல் புகார் வந்தது நேரலை முடிந்து 12 நிமிடம் கழித்து. அடுத்த 24 மணி நேரத்தில் அவர்கள் 15 லட்சம் பிரதிகளை நீக்க வேண்டியிருந்தது.