கருந்துளைக்குள் விழுபவருக்குப் பிரபஞ்சத்தின் எதிர்காலம் முழுவதும் தெரியுமா?

தெரியாது. வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வருசத்துக்கு ஒருவராவது இதைக் கேட்பார்: "சேர், வெளியில நிக்கிறவருக்கு விழுகிறவரின்ட மணிக்கூடு நின்ற மாதிரித் தெரியுமெண்டால், விழுகிறவருக்கு வெளியுலகம் படுவேகமா ஓட வேணுமே?" நானும் ஒரு காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

கருந்துளைக்குப் பக்கத்தில் ராக்கெட்டை இயக்கியபடி ஒரே இடத்தில் நிற்பவருக்கு அது உண்மை. மேலிருந்து வரும் ஒளி அவருக்கு நீலப்பக்கம் நகரும், அதாவது அதன் அதிர்வெண் கூடும். விழுகிறவர் நிற்கவில்லையே! பின்னால் வரும் ஒளி அவரைத் துரத்திப் பிடிக்க வேண்டும்.

வகுப்பு முடிந்து சில நாள் பிள்ளைகளை ஸ்டேஷன் பக்கம் கூட்டிப் போவேன். கடலோரமாகக் கோச்சி ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்து, எங்களைக் கடந்து தெகிவளைப் பக்கம் போகும். கடக்கும் அந்தக் கணத்தில் ஹோர்னின் சுருதி சட்டென்று இறங்கும். இரண்டு பேருக்கும் இடையில் தூரம் கூடக் கூட, அலை ஐதாகத்தான் வந்து சேரும். ஒளிக்கும் இதே கதைதான். ஈர்ப்பு அதிர்வெண்ணை ஏற்றுகிறது, விழும் வேகம் இறக்குகிறது, வேகம்தான் வெல்கிறது. வெகுதூரத்தில் ஓய்விலிருந்து நேராக விழுபவர் நிகழ்வெல்லையை, அதாவது உள்ளே போனால் ஒளிகூடத் திரும்பி வர முடியாத எல்லையை, கடக்கும்போது, தலைக்கு நேர் மேலிருந்து வரும் ஒளியின் அதிர்வெண் சரிபாதியாகிவிடும். 500 நானோமீற்றர் பச்சை, 1000 நானோமீற்றர் அகச்சிவப்பாகக் கண்ணுக்கே தெரியாமல் போகும். அந்தத் திசையில் உலகம் அரை வேகத்தில்தான் ஓடும்!

எல்லையில் சுவர் எதுவும் இல்லை. கீழே தெரியும் கருவட்டம் அப்போதும் சுமார் 84 பாகை அகலம்தான். அரை வானம்கூட இல்லை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த விடயம்.

பால்வீதியின் நடுவில் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் என்ற கருந்துளை இருக்கிறதே, 2022 மே மாதம் படம் வெளியானதே, அது ஏறத்தாழ 43 இலட்சம் சூரியத் திணிவு. அதன் எல்லையில் உடம்பை இழுக்கும் வற்றுப்பெருக்கு விசை உணர முடியாத அளவு சிறியது. அங்கிருந்து மையத்துக்கு அவருடைய மணிக்கூட்டில் சுமார் 28 செக்கன். அப்போதும் வெளியொளி வந்துகொண்டே இருக்கும். கருவட்டம் விரிந்து அரை வானத்தை நெருங்க, நட்சத்திரங்கள் எல்லாம் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டியாக ஒடுங்கும். அப்புறம் மையம். அதற்குள் அவரை எட்டிப்பிடிக்கக்கூடிய ஒளிக்கு ஒரு கடைசிக் கதிர் உண்டு. அதற்குப் பிந்திப் புறப்பட்ட எதுவும் அவர் கண்ணுக்கு வந்து சேராது.